ஒட்டாத பச்சைச் சீட்டு

கடிகாரக்காரருக்கு இரண்டு விஷயங்கள் அறவே ஆகாது. ஒன்று, பொம்மையின் மேல் சீட்டு ஒட்டுவது. இன்னொன்று, பொம்மையைப் படம் எடுப்பது. பசை பெயின்டை அரித்துவிடும், கேமரா வெளிச்சம் நிறத்தை வெளுக்க வைத்துவிடும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்கு அவர் ஒருவரே உறுப்பினர். ஆனாலும் வாயால் அவரை ஜெயித்தவர் யாரும் கிடையாது.

பொம்மை என்றால் சாவி கொடுத்தால் ஓடுகிற பழைய தகர பொம்மைகள். ரயில் எஞ்சின், தீயணைப்பு வண்டி, மேளம் தட்டும் கரடி என்று மொத்தம் முப்பத்தொன்று. நாற்பது வருடம் கடிகாரம் ரிப்பேர் பார்த்தபடியே சேர்த்தவை. மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்து சேர்ந்தார். அங்கே அலமாரிக்கு இடமில்லை. எல்லாவற்றையும் ஒரு பழைய பொம்மைக் கடையில் கொண்டுபோய் வைத்தார். விற்றால் கடைக்காரருக்குக் கமிஷன், விற்காதவரை பொம்மை இவருடையது என்று ஏற்பாடு. கேட்டவன் தலைதெறிக்க ஓடுகிற மாதிரி ஒரு விலை சொல்லி வைத்திருந்தார். விற்கவா கொடுத்தார்? வாரம் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வரத்தான். கடைக்காரருக்கும் அது தெரியும். சிநேகிதர், தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் கொடுத்து வைத்த பொருளின் அடியில் பச்சைச் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டு இல்லாதது கடையின் சொந்தச் சரக்கு. கடிகாரக்காரர் ஒரு பொம்மையிலும் ஒட்டவிடவில்லை. "என் பொம்மை எதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். "தெரியாம என்ன அண்ணே" என்று சொல்லி, 'தகர பொம்மைகள் 31' என்று மட்டும் ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார் கடைக்காரர்.

அப்படித் தெரிந்த ஒரே ஆள் திடுதிப்பென்று செத்துப்போனார். அவர் குடும்பம் கடையை விற்றது. வாங்கிய அம்மாள் முன்பு மருந்துக் கடை நடத்தியவர், எதிலும் சுத்தம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்காக எல்லாப் பொம்மைகளையும் பெட்டிகளில் போட்டுக் கட்டினார். திரும்ப எடுத்து அடுக்கியபோது கரடியெல்லாம் ஓரிடம், ரயிலெல்லாம் ஓரிடம் என்று வகை பிரித்தார். பச்சைச் சீட்டுக்காரர்கள் வந்து அவரவர் பொருளை வாங்கிப் போனார்கள். சனிக்கிழமை பாதி விலை விற்பனை என்று கண்ணாடியில் எழுதித் தொங்கவிட்டபோது கடிகாரக்காரருக்குத் தூக்கம் போனது.

புது முதலாளியம்மா சண்டைக்காரி இல்லை. ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணுன்னு இருக்கு சார், சரி. எந்த முப்பத்தொண்ணு? சீட்டு இல்லாம இங்க நூறுக்கு மேல இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு இருக்கு."

"நான் காட்டறேன்."

"நீங்க நல்லதாப் பார்த்துக் காட்டுவீங்க. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன். பொதுவா ஒருத்தர் வந்து சொல்லட்டும்."

பொதுவான ஆளாக, பழைய பொம்மை சேர்ப்பவர்களின் சங்கத் தலைவரை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆண்டுக் கண்காட்சியில் கடிகாரக்காரருக்கு மூன்று முறை கேடயம் கொடுத்தவர் அவர். கொடுக்கும்போதெல்லாம், "ஒரு திருகாணிகூட மாத்தாத சேகரிப்பு" என்று மைக்கில் முழங்குவார். அது முழு உண்மை இல்லை. கண்காட்சியில் பொம்மைகள் கண்ணாடிக்கு உள்ளே இருந்தன, தலைவர் வெளியே இருந்தார். அந்த மட்டில் உண்மை.

வியாழக்கிழமை காலை எல்லோரும் கடையில் கூடினார்கள். கடிகாரக்காரருடன் மகளும் வந்திருந்தாள், பெட்டி தூக்க. தலைவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்கு இதுல சிரமமே இல்ல. எதுல யார் கையும் படலையோ அது அவரோடது."

மேசையில் பொம்மைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இருபது சரியாக இருந்தது. மற்றவற்றில்தான் தலைவர் தவறினார். சக்கரம் மாற்றிய ரயிலைத் தள்ளிவிட்டு, பக்கத்திலிருந்த பழுதில்லாத ரயிலை எடுத்தார். கரடியும் அப்படியே. தள்ளிவிடப்பட்டவைதான் கடிகாரக்காரருடையவை. அவர் கையாலேயே பல்சக்கரம் வெட்டி, பெயின்ட் தொட்டு வைத்தவை. அவற்றுக்குப் பதிலாக, அவர் ஆயுசில் வாங்க வக்கில்லாத அப்பழுக்கற்ற பொம்மைகள் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. அவருக்கு உள்ளூர வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

கடைசியாகத் தீயணைப்பு வண்டி. கடையில் இரண்டு இருந்தன. தலைவர் பழுதில்லாத வண்டியை எடுத்து வைத்தார்.

"அது இல்ல. இன்னொண்ணுதான் எங்களோடது" என்றாள் மகள்.

தலைவர் சிரித்தார். "உனக்கு என்னம்மா தெரியும்? நீ சொல்ற வண்டியில ஏணி யாரோ செஞ்சு மாட்டினது. உங்கப்பா இந்த மாதிரி ஒண்ணை வீட்டு வாசப்படி ஏத்துவாரா?"

"ஏணியை உடைச்சதே நான்தான். அஞ்சு வயசுல. முதுகுல ரெண்டு வாங்கினேன்."

தலைவர் கடிகாரக்காரரைப் பார்த்தார். "என்னண்ணே, பொண்ணு என்னவோ சொல்லுது?"

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'சின்னப்பிள்ளை ஞாபகம், எங்கேயோ பார்த்ததைச் சொல்கிறாள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முப்பத்தொன்றும் பெட்டிக்குள் ஏறிவிடும், மூன்று கேடயமும் மானத்தோடு இருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. நாற்பது வயதுப் பெண்ணை நாலு பேர் முன்னால் பொய்க்காரி ஆக்கிவிட்டு அதே வீட்டில் சோற்றுக்கு உட்கார வேண்டுமே என்று நினைத்தார்.

"அவ சொல்றது சரிதான். ஏணி நான் செஞ்சது. எண்ணெய் டப்பாத் தகரம். கழட்டிப் பாருங்க, உள்பக்கம் டப்பா எழுத்து இருக்கும்."

கழற்றினார்கள். இருந்தது.

"வேற ஏதாவது உண்டா?" தலைவரின் குரல் மாறிவிட்டது.

கடிகாரக்காரர் பதினொன்றையும் சொன்னார். எந்தச் சக்கரம், எந்தச் சுருள்வில், எந்தக் காது என்று சொல்லச் சொல்ல, முதலாளியம்மா ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. தலைவர் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டார்.

"கை படாதது உங்களோடதுன்னு எடுத்து வெச்சேன். இப்போ அதுவே பொய்யாப் போச்சு. இனிமே உங்க விஷயத்துல எதுக்கும் நான் சாட்சி இல்ல." சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

முதலாளியம்மா பதினொன்றையும் தானே காகிதம் சுற்றிப் பெட்டியில் வைத்தார். "இதெல்லாம் உங்களோடதுன்னு குழந்தைகூடச் சொல்லும் சார். அந்த இருபதுல உங்க அடையாளம் ஏதாவது இருக்கா?"

கடிகாரக்காரர் யோசித்தார். தூசி தட்டியதைத் தவிர அவற்றுக்கு அவர் எதுவும் செய்ததில்லை. வாழ்க்கையில் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா."

"அப்போ என்னால தர முடியாது. கேஸ் போடறதுன்னா போடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் மகள் உட்கார்ந்தாள். பெட்டி அவள் மடியில் இருந்தது.

"நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ப்பா. இருபதும் போச்சு."

அவருக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. "போச்சுதான். வயிறு எரியுது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நீ பேசலைன்னா, இதுங்களை அங்கேயே விட்டுட்டு அந்த நல்லதுங்களை எடுத்துட்டு வந்திருப்பேன். நம்ம வண்டியையும் விட்டுட்டுத்தான்."

"தெரியும்" என்றாள் மகள். "அதனாலதான் பேசினேன்."