ஓரகத்தி மகளின் பள்ளிக்கூடம்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாதிரியார் கெசாயாவை முன்னே அழைத்தார். எங்கள் மிசிசிப்பிச் சிற்றூர்க் கறுப்பர் சபையில், நன்றாகப் படிக்கிற பிள்ளையை நிறுத்தி வைத்து எல்லோரும் எழுந்து கைதட்டுவது வழக்கம்.

"மாநில வேதியியல் போட்டியில முதல் பரிசு! நம்ம பிள்ளை!" என்றார் பாதிரியார். எர்லீனும் எழுந்து தட்டினாள். கை தட்டிக்கொண்டிருக்க, வயிறு பற்றி எரிந்தது.

கெசாயா அவள் ஓரகத்தி வொண்டாவின் மகள். எர்லீனின் மகன் ட்ரேவனுக்கும் அதே வயது, அதே மூளை. ஆனால் அவன் படிப்பது தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் பழைய பருத்தி முதலாளிகளின் நிலம். அடிமைத்தளை அறுந்தபோது எங்கள் ஆட்களுக்கு விட்டது இந்தச் சதுப்பைத்தான். பள்ளிக்கூடம் நடப்பதோ அந்தந்தப் பக்கம் வசூலாகும் வீட்டு வரியில். பங்களாவிலும் தகரக் கொட்டகையிலும் ஒரே வரியா வரும்? நூற்றைம்பது வருஷம் கழிந்தும் அங்கே பெரிய சோதனைச்சாலை. இங்கே கிறிஸ்துமஸிலிருந்து வேதியியல் வாத்தியாரே இல்லை.

வொண்டா, தான் சமைக்கப் போகும் வெள்ளைக்காரக் கிழவியின் விலாசத்தைத் தன்னுடையது என்று சொல்லி மகளை அந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருந்தாள். எங்கள் சனம் முழுக்கத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

சபைப் பந்தியில் வொண்டா கெளுத்தி வறுவலை நீட்டினாள். "இன்னொரு துண்டு வச்சுக்கோக்கா. நம்ம வீட்டுக் கொண்டாட்டமாச்சே!"

"கொண்டாடுடி, கொண்டாடு. ஊரான் விலாசத்துல புள்ள வளக்குறவளுக்கு என்ன குறைச்சல்?"

வொண்டா சிரித்துவிட்டு நகர்ந்தாள். அந்தச் சிரிப்பைத்தான் எர்லீனால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையில், இப்படி வேறு விலாசத்தில் சேர்ந்த பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்கவென்றே அந்தப் பள்ளி வைத்திருந்த எண்ணுக்குத் தன் பேர் சொல்லாமல் போன் செய்தாள்.

ஆள் வைத்துப் பின்தொடர்ந்தார்கள். கெசாயா எந்த வீட்டிலிருந்து கிளம்புகிறாள் என்று படம் பிடித்தார்கள். பெயரை அடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் ட்ரேவன் வந்ததும் பையை வீசி எறிந்தான். "கெசாயா எங்க வகுப்புல வந்து உக்காந்திருக்கா. எல்லாம் போச்சும்மா!"

"அவ வந்தா உனக்கென்னடா?"

"எனக்கென்னவா? சாயங்காலம் நான் பந்தடிக்கப் போறேன்னா நெனச்சே? சித்தி வீட்டுல அவதான் எனக்கு வேதியியல் சொல்லிக் குடுத்தா. அங்க நடத்துற பாடத்தை அன்னன்னைக்கே எனக்கும் நடத்துனா. இனி அவளுக்கு யாரு நடத்துவா?"

எர்லீன் செருப்புகூடப் போடாமல் வொண்டா வீட்டுக்கு ஓடினாள்.

"பாவி, நான்தாண்டி போன் பண்ணிச் சொன்னேன். பொறாமைடி. கண்ணை மறைச்சிடுச்சு."

வொண்டா அறையக் கை ஓங்கினாள். பிறகு மெல்ல இறக்கினாள்.

"நம்ம முப்பாட்டன் எழுத்துக் கத்துக்கிட்டா முதலாளி சவுக்கெடுத்தான். இப்ப அவன் பேரனுக்கு அந்தச் சிரமம்கூட இல்ல. ஒரு நம்பரைக் குடுத்தான். நாமளே ஒருத்தி புள்ளைய ஒருத்தி கீழ தள்ளிட்டோம்."

எர்லீன் விம்மினாள்.

"அழாதக்கா. பொறாமைப்படு, வேணாங்கல. ஆனா எம் பொண்ணு மேல படாதே. அந்தப் பள்ளிக்கூடத்து மேல படு. அதை நடத்துற கல்விக்குழு நாளைக்குக் கூடுது. வர்றியா?"

எர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வர்றேன். நம்ம ரெண்டு புள்ளைக்கு மட்டும் இடம் கேக்க மாட்டேன்டி. பருத்தி எடுத்த கைக்கும் எடுக்க வச்ச கைக்கும் பொறந்த புள்ளைங்க எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பள்ளிக்கூடம் வேணும்னு கேப்பேன். பதில் சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."