கேட்டுக்காரர் நாய்

உச்சிப்புளிக்கு மேற்கே இருந்த ரயில்வே கேட்டில் கூத்தையாவுக்கு வேலை. மனைவி ராக்கு இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. கேட்டை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் அவரும் மணி என்ற நாயும்தான்.

மணி யாரையும் கடித்ததில்லை. கடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று கூத்தையா பலமுறை நினைத்திருக்கிறார். வண்டி வரும் நேரம் கேட்டை மூடியதும் ரோட்டில் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். உடனே அது யாராவது ஒருவர் காலை முன்னங்கால்களால் இறுகக் கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டத் தொடங்கும். உதறினாலும் விடாது. கூத்தையா ஒரு கையில் பச்சைக் கொடியோடு மறுகையால் அதைப் பிய்த்து எடுப்பார். ஆண்கள் சிரிப்பார்கள். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அடித்துப் பார்த்தார், தண்ணீரை ஊற்றிப் பார்த்தார், இரண்டு நாள் பட்டினியும் போட்டார். அடிக்க அடிக்க அதிகம்தான் ஆனது.

ஒரு வியாழக்கிழமை, சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகும் முருகம்மாளின் காலை அது பிடித்துக்கொண்டது. அவளும் புருஷனை இழந்தவள். கூடை சரிந்து கருவாடு ரோட்டில் சிதறியது. மாட்டுவண்டியில் உட்கார்ந்திருந்த ஒருவன், "கேட்டுக்காரருக்குப் பொண்டாட்டி இல்லாத கொற நாய்க்குத் தெரிஞ்சிருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். முருகம்மாள் கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் கேட்டுப் பக்கம் வரவில்லை. கேட்டுக்கு வராமல், கண்மாய்க் கரையோடு ஒரு மைல் சுற்றிப் போவது கூத்தையாவின் கண்ணில் பட்டது.

யாரோ நாயைப் பற்றி ரயில்வேக்கு மனுப் போட்டுவிட்டார்கள். டிராலியில் வந்த இன்ஸ்பெக்டர், பத்து நாளைக்குள் நாய் இங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கோபப்படக்கூட இல்லை.

எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றுதான் கூத்தையா கயிற்றை எடுத்தார். மாற்று டூட்டிக்கு வந்த பாக்கர்தான், முதலில் ராமநாதபுரத்து மாட்டாஸ்பத்திரியில் ஒரு தரம் காட்டச் சொன்னார்.

அங்கே சினைமாடுகளுக்கும் கன்றுகளுக்கும் நடுவில் நாயோடு இரண்டு மணி நேரம் காத்திருந்தார். முறை வந்ததும் டாக்டரின் மேஜையருகே குனிந்து மெதுவாகச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. எப்போதெல்லாம் அப்படிச் செய்கிறது என்று கேட்டார். கேட்டை மூடினால்தான் என்றார் கூத்தையா. மற்ற நேரமெல்லாம் பேசாமல் படுத்துக் கிடக்கும்.

"அப்ப இது ஆசைல மட்டும் செய்யிறதில்ல. வண்டிச் சத்தம், ஆள் கூட்டம், அந்தப் படபடப்பு தாங்காம கெடச்ச காலப் பிடிக்குது. நீங்க அடிச்சா இன்னும் படபடப்பாகும். காயடிச்சா கொறையலாம். அதிலயும் முழுசா நின்னுபோகும்னு நான் சொல்ல மாட்டேன்."

காலையில் களைக்கும்வரை நடத்திக் கூட்டிப்போக வேண்டும், கேட்டை மூடுவதற்கு முன்பே வீட்டுக்குப் பின்னால் கட்டிக் கடிக்க ஓர் எலும்பைப் போட வேண்டும், சத்தம் போடக் கூடாது. ஒரு மாதம் இப்படிச் செய்து பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

கூத்தையா நகரவில்லை. "என் வளப்புல எதுவும் தப்பாய்யா?" என்று கேட்டார்.

"நாய் நாயா இருக்குது. அதுக்கும் ஒங்களுக்கும் என்ன இருக்கு?" என்றார் டாக்டர். அடுத்த மாட்டை உள்ளே ஓட்டி வந்துவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் கடற்கரைவரை நடந்தார்கள். ஐம்பது வயசு முழங்காலுக்கு அந்த மணல் ஒத்துவரவில்லை. ஆனாலும் நடந்தார். வண்டி வருவதற்குக் கால் மணி நேரம் முன்னதாக நாயைப் பின்பக்க உடைமரத்தில் கட்டினார். ஒருநாள் மறந்துபோனார், அன்று தபால்காரர் அகப்பட்டுக்கொண்டார். மற்ற நாட்களில் அது எலும்பைக் கடித்துக்கொண்டு கிடந்தது. பத்தாம் நாள் வந்த இன்ஸ்பெக்டர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். நாய் தலையைத் தூக்கிவிட்டு மறுபடி படுத்தது. இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு டிராலியில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வியாழக்கிழமை கூத்தையா கண்மாய்க் கரையில் போய் நின்றார். முருகம்மாள் கூடையோடு வந்தாள்.

"நாயக் கட்டிப்போட்டிருக்கேன். நீங்க நேர்ப் பாதையிலயே போகலாம்."

"நாய்க்குப் பயந்தா நான் சுத்திப் போறேன்?" என்றாள் அவள்.

"அன்னைக்கு அவன் சொன்னப்ப நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்காம நின்னுட்டேன்" என்றார்.

அவள் கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நானுந்தான் கேக்கல" என்று சொல்லிவிட்டுக் கரையோடு நடந்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் கேட்டு வழியாக வந்தாள். வண்டி வரும் நேரம். பத்துப் பேர் நின்றார்கள். அதில் ஒருவன் அவளையும் கூத்தையாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ முணுமுணுத்தான்.

"என்னப்பா, சத்தமாச் சொல்லு" என்றார் கூத்தையா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வண்டி கடந்தது. கூத்தையா கேட்டைத் திறந்தார். முருகம்மாள் மற்றவர்களோடு தண்டவாளத்தைத் தாண்டிப் போனாள். அவருக்கு முழங்கால் விண்ணென்று வலித்தது. அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு நாயை அவிழ்க்கப் போனார்.