பச்சோந்தி ரத்னம்மாவும் திருக்கை செங்கல்வராயனும்

வரதய்யபாளையத்து ரத்னம்மா, கணவன் இறந்த எட்டாம் மாதம், தான் சாய்ந்து நின்ற சுவரின் நிறத்துக்கு மாறினாள். 2021, கத்தரிக்காய் விலை ஏறியிருந்த வாரம். வேப்பமரத்தடியில் பச்சை, வரப்பில் செம்மண், ரேஷன் கடையில் சாக்கு நிறம். ஊர் பச்சோந்தி என்று பேர் வைத்தது. கட்சி மாறுகிறவனுக்கு வைக்க வேண்டிய பேர் அது. அவள் ஒரு ஓட்டுகூட மாற்றிப் போட்டவளில்லை. பிறகு அந்தப் பேரைச் சொல்லவும் ஆளில்லாமல் போனது. பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி ஈரப் புடவையை அவள்மேல் காயப்போட்டுவிட்டுப் போனாள். களையெடுக்கும் இடத்தில் எல்லோருக்கும் டீ வரும், அவளுக்கு வராது. ஒரு கண் தெருவையும் ஒரு கண் தன் வாசலையும் தனித்தனியாகப் பார்த்தன. இரண்டிலும் யாரும் வரவில்லை. மூன்று வருடம் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை, பாவம்.

தடாவிலிருந்து ஞாயிறுதோறும் ஏரி மீன் கொண்டுவரும் செங்கல்வராயன் திருக்கை மீன் வகை; அதற்குக் கண் மேலே, வாய் அடியில். சென்னைக்குப் போன மகள் போன் செய்வதை நிறுத்தியதும் அவர் கண்கள் மெல்ல நகர்ந்து உச்சந்தலைக்குப் போய்விட்டன. அதன்பின் தின்கிற சோற்றைக்கூட அவர் பார்த்ததில்லை. ஏரிக்கரையில் மணலை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார். வானத்தைப் பார்த்தபடியே மொபெட் ஓட்டுவார். மணலுக்கடியில் ஒளிந்திருக்கும் உயிரின் துடிப்பு திருக்கைக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்தது.

ஒரு ஞாயிறு, வெறும் சுவர் முன் வண்டியை நிறுத்தினார்.

"யாரும்மா அது? மீன் வேணுமா?"

"நான் தெரியறனா அண்ணா?"

"தெரியல. நெஞ்சு அடிச்சிக்கினு கீதே. பேரு இன்னா?"

சொன்னாள். அவர் அதைத் திரும்பச் சொன்னதும், அந்தத் தெருவில் எதிலும் இல்லாத ஒரு நீலம் அவள்மேல் ஏறி அரைமணி நேரம் நின்றது. அதற்குப்பின் ஞாயிறுதோறும் அந்த நீலம் வந்தது.

அடுத்த பங்குனியில் நான்கு ஞாயிறு அவர் வரவில்லை. ரத்னம்மா ஷேர் ஆட்டோ ஏறித் தடாவுக்குப் போனாள். கரையில் கால் வைத்ததும் மணல் நிறமானாள். கண்ணுக்கெட்டிய வரை மணல்தான். எங்கே என்று தேடுவாள்? பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டபடியே மதியம்வரை நடந்தாள். பிறகு காலடியில் மணல் பேசியது.

"ரத்னம்மா, காலைத் தூக்கி வெக்காத, மிதிச்சிடுவ. தேய்ச்சிக்கினு வா. எழுந்துக்க மனசில்ல எனக்கு. இங்கதான் கீறேன்."

அவள் காலைத் தேய்த்துக்கொண்டே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வரதய்யபாளையத்தில் வெங்கடலட்சுமி புடவை காயப்போடக் கயிறு கட்டிக்கொண்டாள். ஏரியில் வலை இழுக்கப் போகிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் காலைத் தேய்த்தே நடக்கிறார்கள். அங்கே கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஏன் என்று கேட்டால், ரெண்டு பேர் இருக்கிறார்கள் என்கிறார்கள்.