இரண்டாவது குளியல்

"பெல்ட்டையும் கழட்டு," என்றாள் அத்தை.

தம்பி மகன் செருப்பை ஏற்கெனவே கழற்றியிருந்தான். பெல்ட்டை உருவினான். கைக்கடிகாரத்தை அவள் சொல்லாமலேயே அவிழ்த்தான்; அதன் வாரும் தோல். பர்ஸையும் சேர்த்துச் சத்திரத்து வாசல் பெஞ்சின்மேல் வைத்தான்.

"இனிமே தோல்னு மிச்சம் இருக்கறது இதுதான் அத்தை," என்று முழங்கையைக் கிள்ளிக் காட்டினான்.

அத்தை சிரிக்கவில்லை. மலைமேல் சமணத் தீர்த்தங்கரரைக் கும்பிடப் போகிறவர்கள் எல்லாரும் இன்று இந்தச் சத்திரத்தில் நின்றுவிட்டுத்தான் ஏறினார்கள். உள்ளே அவள் தம்பி உணவை விட்டு, நேற்று தண்ணீரையும் விட்டு, உயிர் பிரியும்வரை என்று நோன்பேற்றுக் கிடந்தான். துணிக்கடை நடத்தியவன். வயிற்றுப் புற்றுக்கு இனி மருந்தில்லை என்றான பிறகு துறவியம்மாவிடம் அனுமதி கேட்டு எடுத்த விரதம். அப்படியொரு சாவு எல்லாக் குடும்பத்துக்கும் வாய்ப்பதில்லை. அந்த வாசலில், செருப்புத் தொழிற்சாலையில் தோல் வெட்டுகிற மகன் வந்து நிற்கிறான். அந்த வேலையில் சேர்ந்த அன்றே தம்பி அவனை வீட்டுப் படி ஏறக் கூடாது என்றிருந்தான். அப்படிச் சொல்லச் சொன்னவள் அத்தை.

"அப்பா என்னைக் கேட்டாராமே?"

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. கேட்டாரா இல்லையா?"

கேட்டது உண்மை. காலையில், "அவன் வந்தானா?" என்று உதடு அசைந்தது. "மனச அங்க விடாதடா," என்று அவள் நெற்றியைத் தடவினாள். கரை சேரும் நேரத்தில் பிள்ளைப் பாசம் வந்தால் விரதம் குலைந்துவிடும்.

"முதல்ல போய்க் குளி," என்றாள்.

கொல்லைக் குழாயடிக்குப் போய்க் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வந்தான். அத்தை கிட்டே போய் மோந்து பார்த்தாள். கையைப் பிடித்துத் திருப்பினாள். நகக்கண்களில் பழுப்புக் கறை.

"இதோடவா உள்ள வருவே?"

"அது சாயம் அத்தை. தோலோடதான் போகும்."

"இன்னொரு தரம் குளி. நல்லாத் தேய்."

அவன் குழாயடிக்குத் திரும்பிப் போனான். அத்தைக்கு நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை. தம்பியைக் கும்பிட நின்ற வரிசையில் முந்தியவரை அதட்டினாள். உள்ளே போய், நேராக இருந்த பாயை நேராக்கினாள். தம்பியின் கண் வாசல் பக்கமே இருந்தது. அவள் நகர்ந்து அந்தப் பார்வைக்குக் குறுக்கே உட்கார்ந்தாள்.

மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த துறவியம்மா நிறுத்தினார்.

"எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டாச்சா?"

"ஆச்சும்மா. கடை ஆளுங்க, பக்கத்துக் கடைக்காரர், வழக்குப் போட்ட பங்காளி வரைக்கும். ஒருத்தரையும் விடல."

"பையன்கிட்ட?"

அத்தை புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "அவனைப் பாத்தா பாசம் வந்துராதா?"

"பாசம் வந்தா நான் மந்திரம் சொல்லிக்கறேன். மன்னிப்பு பாக்கி நின்னா நான் என்னம்மா பண்ண முடியும்?"

அத்தை எழுந்தாள். நடை போதவில்லை; இந்த வயதில் ஓடினாள். குழாயடியில் அவன் குந்தி, செங்கல் துண்டால் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு விரலில் ரத்தம் கசிந்தது.

"போதும், வா."

"இன்னும் போகல அத்தை."

"போதும்டா, வாடா."

ஈரத் துணியோடு அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் கூட்டம் விலகி வழி விட்டது. உள்ளே மந்திரம் நின்றிருந்தது. துறவியம்மா கைகூப்பி இருந்தார். தம்பியின் கண்கள் வாசலைப் பார்த்தபடியே இருந்தன.

யாரும் அழவில்லை. இப்படிப்பட்ட சாவுக்கு அழக் கூடாது. தெரியாத பெரியவர் ஒருவர் அத்தையைக் கும்பிட்டார்.

"கொடுத்து வச்ச குடும்பம். ஒரு குறையும் இல்லாம போயிட்டார்."

பிறகு, தரையெல்லாம் தண்ணீர் சொட்ட நின்றவனைப் பார்த்தார். "இது யாரு?"

"அவனோட மகன்," என்றாள் அத்தை. "தள்ளிக்குங்க. தலைமாட்டுல அவன் உட்காரணும்."

அவன் உட்கார்ந்தான். கைகளை மடிக்குள் மறைத்துக்கொண்டான். அத்தை பின்னால் நின்று, தலைப்பால் அவன் தலையைத் துவட்டத் தொடங்கினாள். துறவியம்மா எழுந்து போனார். மலையேற வேண்டியவர்கள் ஏறப் போனார்கள். முடி காய்ந்துவிட்டது. அவள் இன்னும் துவட்டிக்கொண்டிருந்தாள்.