சரணடைய இரண்டு நிமிடம்

ஞாயிறு பகல் பன்னிரண்டே கால். பல்கேரியாவின் வர்னா நகரில், தன் ஆறாவது மாடி வீட்டில், ராலிட்சா கடித்த பனிட்சாவை, அந்தப் பாலாடைக்கட்டி அடையை, மென்று விழுங்க மறந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இணையத்தில் அறுபது பேர் கப்பலோட்டி விளையாடும் அந்தக் கடலுக்கு அவள்தான் கண்காணிப்பாளர். கொள்ளை விதிகளை எழுதியவளும் அவளே. சுடுவதற்கு முன் கொள்ளைக்காரன் எச்சரிக்க வேண்டும். எதிராளிக்கு இரண்டு நிமிடம். சரணடைந்தால் பாதிச் சரக்கோடு விட்டுவிட வேண்டும். மௌனம் என்றால் மறுப்பு. மறுத்தவனைக் கப்பலோடு மூழ்கடிக்கலாம். மூழ்கிய கதாபாத்திரம் மறுபடி பிறக்காது. 'சரி' என்று மொட்டையாகத் தட்டினால் செல்லாது. கப்பல் தலைவன் பேசுகிற மாதிரி ஒரு முழு வாக்கியமாவது வேண்டும்.

மோதலின்போது கண்காணிப்பாளர் குறுக்கே பேசவும் கூடாது. அவள் தோழிக்கு ஒத்து ஊதினாள் என்று போன வருடம் ரகளை நடந்த பிறகு சேர்த்த விதி. ரகளையைக் கிளப்பியவன் காலோயான்.

இப்போது கொள்ளைக் கப்பலில் நிற்பவனும் காலோயான்தான்.

"ஏய் கிழட்டுத் திமிங்கலமே, பாயை இறக்கு! ரோஜா எண்ணெயில பாதி எனக்கு, மீதி உன் மீசைக்கு. என்னய்யா சொல்றே?"

கடிகாரம் ஓடத் தொடங்கியது.

எதிர்க் கப்பலின் தலைவர் தோடோர். அவரை ஆட்டுவிப்பது ஸ்லிவென் நகரில் தனியாக வசிக்கும் ஸ்பாஸ். ஐந்து வருடமாக ஒரே பாத்திரம். தோடோரின் வசைகளைப் படிப்பதற்கென்றே அவரைக் கொள்ளையடிக்க வருவார்கள். ஏப்ரலில் பக்கவாதம் வந்து ஸ்பாஸுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. இடது கையின் ஒரு விரல்தான் இப்போது தட்டும். அது ராலிட்சாவுக்கு மட்டும் தெரியும்.

"யார்கிட்டயும் சொல்லாத ராலி. பாவம் பார்த்து எவனும் என்னைக் கொள்ளையடிக்காம விட்டுரக் கூடாது" என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

'தோடோர் எழுதுகிறார்...' என்றது திரை. ஒரு நிமிடம் போயிற்று. இன்னும் எழுதிக்கொண்டே இருந்தார்.

"என்ன தலைவரே, நாக்கைச் சுறா தின்னுருச்சா?" காலோயான் சீண்டினான்.

இன்னும் நாற்பது நொடிதான் மீதி. மனிதர் நிச்சயம் நீளமாக எழுதுகிறார். அவருக்குச் சின்னதாக எழுதவே வராது. 'நாலு வார்த்தை போதும், அனுப்புங்க' என்று ஒருவர் சொன்னால் போதும். திரையில்தானே பேசக் கூடாது? ராலிட்சா கைபேசியை எடுத்து அழைத்தாள்.

மணி அடித்தது. 'எழுதுகிறார்' என்ற வரி சட்டென மறைந்தது.

அவருக்கு இருப்பது ஒரே கை. அதுதான் இப்போது ஃபோனைப் பிடித்திருக்கிறது.

"ராலியா? நல்லா இருக்கியாம்மா?"

"ஸ்பாஸ் அண்ணே, ஃபோனைக் கீழ போடுங்க! எழுதினதை அப்படியே அனுப்புங்க!"

"இரு, இரு. காதுல சரியா விழல, இந்தப் பக்கம் மாத்திக்கிறேன்..."

பூஜ்யம். பீரங்கிகள் முழங்கின. தோடோரின் பாய்மரம் சாய்ந்தது, தண்ணீர் மூடியது.

"கண்காணிப்பாளரே, ரெண்டு நிமிஷம் முழுசாக் குடுத்தேன். விதிப்படிதானே?" காலோயானின் கேள்வி திரையில் நின்றது. தொடர்ந்து இன்னொன்று: "நிஜமாவே பதில் சொல்வாருன்னுதான் காத்திருந்தேன்."

"விதிப்படிதான்" என்று தட்டினாள். வேறு என்ன தட்டுவது?

காதருகே ஸ்பாஸ் சிரித்தார். திரையை அவர் இன்னும் பார்க்கவில்லை.

"அந்தப் பய காலோயானுக்கு ஒரு பதில் எழுதி வச்சிருக்கேன் பாரு, சரணடையற மாதிரியே சரணடைஞ்சு மானத்தை வாங்கிருவேன். அனுப்பறதுக்கு முன்னாடி வாசிச்சுக் காட்டவா?"

"வாசிங்க அண்ணே" என்றாள் ராலிட்சா.