முதல் ஊசி தலைமையாசிரியருக்கு

தொண்ணூற்றிரண்டு ஐப்பசி வெள்ளம் வடிந்து பத்து நாள். சீவலப்பேரிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நான்கு பேர் வாந்திபேதியில் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார்கள். மற்றவர்களுக்காவது தடுப்பூசி போட்டுவிடலாம் என்று நர்ஸ் விஜயஸ்ரீ வந்தால், அவ்வளவு பேரும் வாழைத்தோப்புக்குள் ஓடி ஒளிந்துகொண்டார்கள். தலைமையாசிரியர் தில்லைநாயகம் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

"எறும்பு கடிக்க மாதிரிதான்லே இருக்கும். நாளைக்கு மொத ஊசி எனக்கு. பொறவு நீங்க போட்டுக்கிடணும்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார்.

மனுஷனுக்கு ஊசியைக் கண்டாலே கண் இருட்டும். அது ஊரில் யாருக்கும் தெரியாது.

விடிந்ததும் வாசல் நிலையில் வேப்பிலையைச் செருகினார். அம்மை கண்ட வீட்டில் ஊசி போட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள்; எந்த நர்ஸும் படியேற மாட்டாள். நிம்மதியாகப் போர்த்திக்கொண்டு படுத்தார். மகள் சித்ரலேகா பார்த்துக்கொண்டு நின்றதை அவர் கவனிக்கவில்லை. "எங்கப்பாவுக்கு அம்மையும் இல்ல, கிம்மையும் இல்ல. ஊசிக்குப் பயம்" என்று அந்த ஏழு வயசு தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தது.

பத்து மணிக்கு வெளியே விஜயஸ்ரீ கடைக்காரர் பூதலிங்கத்திடம் கேட்பது காதில் விழுந்தது. "என்ன அண்ணாச்சி, ஒரு வீடு பாக்கியில்லாம அம்மையா?"

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வீடு வேப்பிலை! பெரியவர்கள் வயலில் சகதி அள்ளப் போயிருக்க, பிள்ளைகளே கட்டியிருந்தார்கள். எதிர்வீட்டு மீனு கை எட்டாமல் குடத்தைக் கவிழ்த்து ஏறி நின்றாள். ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களில் ஒருவன் அவள் தம்பி.

தில்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது. 'அடப்பாவி, இந்தப் புத்தியை நீதானே சொல்லிக்கொடுத்தாய்' என்று தன்னையே வைதுகொண்டார். வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தார். நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக் கையை நீட்டினார். "போடுங்கம்மா."

மூடிய கண்ணைக் கடைசிவரை மூடியே வைத்திருக்கக் கூடாதா? பாதி திறந்து ஊசியைப் பார்த்தார். அவ்வளவுதான், நாற்காலியோடு சாய்ந்தார்.

சார்வாள் விழுந்து கிடக்கும் அழகைப் பார்க்காமல் இருக்க முடியுமா? தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். விஜயஸ்ரீ கெட்டிக்காரி. அவர் மூச்சைப் பார்த்தாள், காலைத் தூக்கித் தன் மருந்துப் பெட்டிமேல் வைத்தாள், பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "கிட்டத்துல பாக்கணும்னா கைய நீட்டிட்டு வரிசையா வாங்க." முதல் ஆளாக மீனு வந்தாள்.

தில்லைநாயகம் கண் விழித்தபோது சுற்றிலும் பிள்ளைகள் கையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார்கள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "முடிஞ்சிட்டாம்மா?"

"பிள்ளையளுக்கெல்லாம் முடிஞ்சிட்டு சார்" என்று விஜயஸ்ரீ பஞ்சை நனைத்தாள். "இனி நீங்கதான்."

மீனு அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கன பாக்காதிய சார்வாள். எறும்பு கடிக்க மாதிரிதான் இருக்கும்."