வேறு கை படாத மீன்

கிளம்பும்போதே மருந்துக்கடைக்காரி சொல்லிவிட்டாள். படகுத்துறையில் நின்று, தன் அண்ணன் முகத்தை நேராகப் பார்த்து, கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அண்ணா, மீன் மாட்டினா நீ படகை மட்டும் பாரு. என்ன ஆனாலும் கம்புல கை வைக்காதே."

"சரி குட்டி."

"சரி குட்டி இல்ல. புரிஞ்சுதா?"

"எனக்கேவா? இந்த விதியைப் போட்ட கமிட்டில நானும் இருந்தவன்டி."

அதில் பொய் இல்லை. தூண்டில் சங்கத்தில் அவர் பழைய ஆள். சங்கம் நடத்தும் போட்டியில் பெயர் கொடுத்தவரைத் தவிர வேறு யார் விரலாவது தூண்டில் கம்பிலோ அதன் நரம்புக் கயிற்றிலோ பட்டால் அந்த மீன் கணக்கில் வராது. போன வருடம் ஒரு புது மாப்பிள்ளை தன் மனைவியின் கம்பைத் தாங்கிப் பிடித்ததைத் தூரத்துப் படகிலிருந்து பார்த்துவிட்டு, கரைக்கு வந்ததும் போட்டுக்கொடுத்தவரே இவர்தான். அந்தப் பெண் அழுதாள். இவர் "விதின்னா விதிதான்" என்று சொல்லிவிட்டு டீ குடித்தார்.

குட்டிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கோழி கிளறியது போல டாக்டர்கள் எழுதித் தருவதையெல்லாம் படித்து, கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவள். ஆனால் அவள் சைக்கிள் பழகிய நாளிலிருந்தே, அவள் கையில் பாதியில் இருக்கிற எதையும் அண்ணன் பிடுங்கி முடித்துக் கொடுத்துவிடுவார். முடித்த பிறகு "நான் மட்டும் இல்லேன்னா" என்று ஆரம்பிப்பார். அவர் படகில் போய் அவள் பிடித்த மீன்களில் அவர் கை படாதது என்று ஒன்றுகூடக் கிடையாது. இந்த வசந்தகாலப் போட்டிக்குத்தான் முதல் தடவையாகத் தன் பெயரைக் கொடுத்திருந்தாள். துறையின் கரும்பலகையில் தன் பெயருக்கு நேராக ஒரு மீன். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

படகில் மூன்றாவது ஆள் அண்ணி. அண்ணனின் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். தொப்பி, தண்ணீர், படகின் மாற்றுச் சாவி எல்லாம் அந்தப் பையில்தான். "இவளுக்குக் கடல் ஒத்துக்காது" என்று அண்ணன் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்வார். ஆனால் துறையிலிருந்து படகை எடுப்பதும் திரும்பக் கொண்டுவந்து அணைப்பதும் அண்ணிதான். அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்று "இடது, இடது" என்று கத்துவார்.

தண்ணீர் சூடேறத் தொடங்கியிருந்தது. இந்தப் பருவத்தில்தான் பெரிய பாரை மீன்கள் பொடிமீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு கரைப்பக்கம் வரும். பாறைத்திட்டின் ஓரத்தில் பொடிமீன்கள் மழை பெய்கிற மாதிரி துள்ளிய இடத்தில் அவள் பொய் இரையை வீசினாள். இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பாள். கம்பு வளைந்தது. ரீல் அலறியது.

"மாட்டிடுச்சு! மாட்டிடுச்சு!" என்று கத்தியவர் அண்ணன்.

அவள் கம்பின் அடியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, ஓடட்டும் என்று விட்டாள், அது நின்றபோது சுற்றினாள், மறுபடி ஓடவிட்டாள். தோள் எரிந்தது. அந்த எரிச்சல்கூட இனித்தது. கடைசியில் பாரை வழக்கமான தந்திரத்தைச் செய்தது: நேராகப் படகுக்கு அடியில் பாய்ந்தது. நரம்பு படகின் வயிற்றில் உரசினால் அறுந்துவிடும். அவள் குனிந்து கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் ஆழமாக விட்டு, நரம்பைப் படகுக்கு வெளியே ஒதுக்கிக்கொண்டு, முன்பக்கமாக நகர ஆரம்பித்தாள். அதற்கு அதுதான் வழி. தூண்டில் பிடித்த எவருக்கும் தெரியும்.

"விட்டுடாத! விட்டுடாத!"

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. அவள் கைக்கு மேலே கம்பை இறுக்கிப் பிடித்து, வெடுக்கென்று மேலே இழுத்தன. நரம்பு படகின் விளிம்பில் கரகரவென்று தேய்ந்தது.

"கையை எடு! அண்ணா, கையை எடு!"

எடுத்தார். ஆனால் தொட்டது தொட்டதுதான். நரம்பு எப்படியோ தாங்கியது. மீன் களைத்து மேலே வந்தது. வெள்ளித் தாம்பாளம் போல ஒருக்களித்துக் கிடந்த அதை அண்ணன் வலையில் அள்ளிப் படகின் தொட்டித் தண்ணீரில் விட்டார். அதற்கு விதியில் தடை இல்லை.

"நான் மட்டும் பிடிக்கலேன்னா போயே போயிருக்கும்!"

அவள் நரம்பை விரலிடுக்கில் இழுத்துப் பார்த்தாள். ஒரு முழ நீளத்துக்குச் சொரசொரவென்று இருந்தது.

"நீ பிடிச்சதாலதான் போக இருந்தது. இதைத் தடவிப் பாரு."

அவர் பார்க்கவில்லை.

"தொட்டுட்டே," என்றாள்.  

"யாரு பார்த்தா? அதுவும் வீட்டு ஆளு தொட்டா தொட்டதா? சும்மா இரு குட்டி, கப்பு உனக்குத்தான்."

கரை வரும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்மேல் கழற்றியெறியக் காலில் செருப்புக்கூட இல்லை.

துறையில் மீனை அளக்கிறவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். கழுத்தில் விசிலோடு, ஈரப்பலகையில் பாரையைக் கிடத்தி அளந்தார். அன்றைக்கு வந்ததில் அதுதான் நீளம். கூட்டம் கை தட்டியது. அவர் வழக்கப்படி அவளைப் பார்த்துக் கேட்டார்.

"வேற யார் கையாவது பட்டுதாம்மா?"

"இல்ல மாஸ்டர்," என்றார் அண்ணன்.

மாஸ்டர் கரும்பலகையில் எழுதச் சாக்பீஸை எடுத்தார். அவளுக்குள் என்னவோ பற்றிக்கொண்டது. கம்பில் வைத்த கை போதாதென்று, இப்போது அவள் வாயிலும் வைத்துவிட்டார்.

"எழுதாதீங்க மாஸ்டர். என்னைத்தானே கேட்டீங்க? பட்டுது. இவர் கை. ரெண்டு கையும்."

 மாஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, அளந்த மீன்களையெல்லாம் விடுவது போலவே பாரையையும் மெல்லத் தண்ணீரில் இறக்கினார். அது வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போயே போய்விட்டது.

"உனக்குப் பைத்தியமா? உதவிதானே பண்ணேன்! நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்குறியே!"

"யாருண்ணா உன்கிட்ட உதவி கேட்டா? வேண்டாம்னு சொன்னேனே, அது காதுல விழலையா? அந்த மீன் அறுத்துக்கிட்டுப் போயிருந்தா, நான் விட்ட மீனுன்னு சொல்லிக்கிட்டுத் தூங்கியிருப்பேன். இப்ப அதுவும் இல்லாம பண்ணிட்டே! போன வருஷம் அந்தப் பொண்ணு அழுதப்ப விதி பேசின வாய்தானே இது?"

அவர் முகம் சிவந்தது. அவள் நரம்பின் தேய்ந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய முடிச்சுப் போட்டாள்.

"போட்டி முடிஞ்சு விசில் ஊத இன்னும் நேரம் இருக்கு. நான் திரும்பப் போறேன்."

"யார் படகுல? நான் வர்றதா இல்ல."

"நீ வரக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

"அப்ப நீந்திப் போ."

துறைப் படியில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்தாள். பையைத் திறந்து மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு, பையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் படகில் இறங்கினாள்.

"ஏய், உனக்குக் கடல் ஒத்துக்காது!"

"கடல் நல்லா ஒத்துக்குது. நீங்க ஓட்டுறதுதான் ஒத்துக்கல."

மாஸ்டருக்கு இருமல் வந்துவிட்டது. மற்றவர்கள் இருமவில்லை, பட்டவர்த்தனமாகவே சிரித்தார்கள். படகு ஒரு உரசல்கூட இல்லாமல் துறையை விட்டு விலகியது.

பாறைத்திட்டில் வெகுநேரம் ஒன்றும் கடிக்கவில்லை. வீசினாள், இழுத்தாள், வீசினாள். வெயில் பிடரியைச் சுட்டது. கோபத்தில் வீசியதால் இரை பாதி தடவை வேறெங்கோ போய் விழுந்தது. கிளம்பலாம் என்று நினைத்தபோது ஒரு சின்ன இழுப்பு. மாட்டியதும் அதுவும் படகுக்கு அடியில் பாய்ந்தது. அவள் குனிந்து கம்பை நீருக்குள் விட்டாள்.

அண்ணியின் வலது கை படகைத் திருப்பும் சக்கரத்திலிருந்து எழுந்தது. பாதி வழியில் நின்றது. மறுபடியும் சக்கரத்துக்கே போய்விட்டது.

"எந்தப் பக்கம் திருப்பணும்னு சொல்லு."

"வலது. மெதுவா."

திரும்பி வந்தபோது அண்ணன் பையோடு அதே இடத்தில் நின்றிருந்தார். மீனைப் பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? பூனைகூட மூஞ்சியைத் திருப்பிக்கும்."

விதி கேட்கிற நீளத்துக்கு அது ஒரு விரலளவுதான் கூடுதல். மாஸ்டர் அளந்தார். அவளை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"வேற யார் கையாவது?"

"யார் கையும் படல."

கரும்பலகையின் கடைசி வரியில் அவள் பெயர் ஏறியது. எழுதி முடித்து அவர் விசில் ஊதினார். சின்னப் பாரையும் தண்ணீருக்குள் போனது.

அவள் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். அண்ணன் பக்கத்தில் வந்து, பழக்கதோஷத்தில், கையை நீட்டினார்.

"கொடு, நான் எடுத்துட்டு வர்றேன்."

அவள் கம்பை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றினாள்.

"போட்டிதான் முடிஞ்சுடுச்சே குட்டி. இப்பத் தொடலாம்."

"எனக்கு இன்னும் முடியல," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.